கிணறு வெட்டப் போய் கிடைச்ச கரி: நெய்வேலியின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "மம்சாபுரத்துல இருந்து பார்த்தா மேற்கே முழுக்க மலைதான். இந்த மலைக்குள்ள நிலக்கரி இருக்காதா?"

இருக்காது. காரணம் ரொம்ப சிம்பிள். நிலக்கரிங்கிறது மக்கிப் புதைஞ்ச காடு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையோட பாறை 50 கோடி வருஷத்துக்கும் மேல பழசு. அந்தப் பாறை உருவானப்போ உலகத்துல காடே கிடையாது. அதனாலதான் நம்ம பக்கம் கிணறு வெட்டினா கொஞ்ச ஆழத்துலயே பாறை வந்துடும். வேட்டு வெச்சுத்தான் மேல வெட்டணும்.

ஆனா அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துல, 1935 வாக்குல, இன்னொரு கிணறு வெட்டினாங்க. நெய்வேலி கிராமத்துல, ஜம்புலிங்க முதலியாரோட நிலத்துல. அங்க பாறை வரல. தண்ணி பீறிட்டு வந்துச்சு, கூடவே கறுப்பா ஏதோ வந்துச்சு. காயவெச்சுப் பத்தவெச்சா எரிஞ்சது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. சில கோடி வருஷத்துக்கு முந்தின காடு.

அப்போ சென்னை மாகாணத்துல சொல்லிக்கிற மாதிரி நிலக்கரி கிடையாது. வங்காளம், பீகார்ல இருந்துதான் வரணும். அதனால 1940கள்ல போர் போட்டுப் பார்க்க ஆரம்பிச்சாங்க. 1954-ல காமராஜர் முதலமைச்சர் ஆனார். நம்ம விருதுநகர்க்காரர், 1952-ல ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில இருந்து மக்களவைக்குப் போனவர். அவரும் டெல்லியை விடாம அழுத்தினார். 1956 நவம்பர்ல நெய்வேலி நிறுவனம் பதிவாச்சு. 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார்.

கரியைத் தொட்டது 1961-லதான். நாலு வருஷம் மண்ணை மட்டுமே அள்ளினாங்க. ஒரு டன் லிக்னைட் எடுக்க அஞ்சு கன மீட்டருக்கும் மேல மண்ணை அப்புறப்படுத்தணும். அதுக்குத்தான் ஜெர்மனியில இருந்து பெரிய பெரிய பக்கெட் வீல் எந்திரங்கள் வந்துச்சு.

அதைவிடப் பெரிய சவால் தண்ணி. கரிக்கு அடியில நிலத்தடி நீர் அழுத்தத்தோட நிக்குது. முதலியார் கிணத்துல பீறிட்டு வந்த அதே மாதிரி தண்ணி. மேல இருக்கிற மண்ணை எடுத்துட்டா, கீழ இருந்து தண்ணி தள்ளி சுரங்கமே மூழ்கிடும். அதனால சுத்தி போர்வெல் போட்டு, ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். சுரங்கம் ஓடுற வரைக்கும் இந்தப் பம்பையும் நிறுத்த முடியாது. இறைச்ச தண்ணி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், அங்க விவசாயத்துக்கு உதவுது. அதேசமயம், "எங்க கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு"ன்னு சுத்து வட்டார விவசாயிங்க பல வருஷமா சொல்லிக்கிட்டே இருக்காங்க.

1962-ல மின்சாரம் வந்துச்சு. சோவியத் உதவியோட கட்டின அந்த முதல் அனல் மின் நிலையம் 600 மெகாவாட் வரைக்கும் வளர்ந்து, 2020 வரைக்கும் ஓடுச்சு. நம்ம தமிழ்நாடு இவ்வளவு சீக்கிரம் தொழில் மாநிலம் ஆனதுல அந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அதைக் குறைச்சுச் சொல்லவே முடியாது.

ஆனா நெய்வேலியைப் பத்திப் படிக்கும்போது எனக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம் வேற. தொழிற்சாலைக்கு ஒரு தடவை நிலம் எடுத்தா போதும். திறந்தவெளிச் சுரங்கம் அப்படி இல்ல. அது நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் வெட்ட வெட்ட, பின்னாடி மண்ணைக் கொட்டி மூடிக்கிட்டே வரும். அதனால முன்னாடி இருக்கிற ஊர் எப்பவுமே வரிசையில நிக்குது.

2023 ஜூலையில வளையமாதேவியில நடந்ததை இப்படித்தான் பார்க்கணும். பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டணும்னு, நெல் நின்ன வயல்ல எந்திரம் இறங்குச்சு. நிறுவனம், "இது பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தின நிலம்"னு சொன்னுச்சு. விவசாயிங்க, "நட்ட பயிரை அறுக்குற வரைக்குமாவது விடக்கூடாதா?"ன்னு கேட்டாங்க. விஷயம் உயர் நீதிமன்றம் போச்சு. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடுன்னு உத்தரவாச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல, டெல்டா பக்கம் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரி வட்டாரங்களை ஏலத்துல இருந்து ஒன்றிய அரசு எடுத்துடுச்சு. காரணம் அங்கேயும் எதிர்ப்புதான்.

1957-ல நிலம் கொடுத்தவங்களும் 2023-ல வயலை இழந்தவங்களும் ரெண்டு தனித்தனிக் கதை இல்ல. ஒரே சுரங்கத் திட்டம், 66 வருஷமா விரிஞ்சு வந்திருக்கு. பாடப் புத்தகத்துல நமக்குக் கண்டுபிடிச்ச வருஷமும் மெகாவாட் கணக்கும் இருக்கும். எந்தெந்த ஊர் போச்சு, அந்த மக்கள் எங்க போய்க் குடியேறினாங்கங்கிற பட்டியலும் அதே பக்கத்துல இருக்கணும்.

நம்ம ஊர்க் கிணத்துல பாறை வந்தா சலிச்சுக்குவோம். அந்தப் பாறை இருக்கிறதாலதான் நம்ம மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இந்த வரிசையில நிக்காம இருக்கு.

உங்க குடும்பத்துல யாராவது நெய்வேலியில வேலை பார்த்திருந்தா, இல்ல அங்க நிலம் கொடுத்திருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்ந்து கேட்போம்.