மலையகத்தில் விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

1925ஆம் ஆண்டில் தாபிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. மண்ணின் அமிலத்தன்மையும், செடியைத் தாக்கும் நோய்களும், கொழுந்தில் நிகழும் இரசாயன மாற்றங்களும் அங்கு நுணுகி ஆராயப்பட்டன. அதே மலைகளில் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளோ எழுத்தையும் எண்ணையும் தாண்டிச் செல்லவில்லை. மலையகத்துக்கு விஞ்ஞானம் மூலதனத்தின் தேவையாகவே முதலில் வந்து சேர்ந்தது. விஞ்ஞான ஆசிரியரின் தொழிற்பயிற்சியை ஆராயும்போது இம்முரண்பாட்டிலிருந்தே நாம் தொடங்கவேண்டியுள்ளது.

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாத படிப்பு என்பதே அதன் விளைவு. 1945இல் வந்த இலவசக் கல்வியோ, 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையோ தோட்டப் பாடசாலையைத் தேசிய அமைப்பினுள் கொண்டுவரவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அதற்காக அழுத்தம் கொடுக்கும் அரசியல் வலுவையும் இழந்திருந்தனர்.

இவ்விடைக்காலத்திலேதான் இலங்கையில் விஞ்ஞான ஆசிரியருக்கான சேவைக்காலப் பயிற்சி உருப்பெற்றது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை எல்லா மாணவர்க்கும் உரிய பாடமாக்கியது. புதிய பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர்கள் பயிற்றப்பட்டனர். ஆனால், ஆறாம் வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலையில் அப்பயிற்சிக்கு அழைக்கத்தக்க ஆசிரியரே இருக்கவில்லை. ஆகவே, பின்னர் தோன்றிய பற்றாக்குறையைத் தனிமனிதரின் ஆர்வமின்மைக்கோ ஆற்றலின்மைக்கோ ஏற்றிச் சொல்வது வரலாற்றை மறைப்பதாகும்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபின், 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசின் பொறுப்புக்கு வந்தன. மலையக இளைஞர் பலர் முதலில் நியமனம் பெற்று, பின்னரே பயிற்சி பெற்றனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய கல்வி நிறுவகத்தின் தொலைக்கல்வியும், சுவீடனின் உதவியுடன் நடந்த பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டமும், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் இப்பணியில் பங்கேற்றன. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி கணித, விஞ்ஞான ஆசிரியரை உருவாக்கும் நிலையான வாய்ப்பைத் தந்தது. இவை மதிக்கத்தக்க சாதனைகளே.

எனினும், பயிற்சியின் உள்ளடக்கம் பற்றிய வினா எஞ்சுகின்றது. நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக்குரிய உண்மை. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகைக்கு அண்மையிலேயே கொதிக்கும். வெப்பமானி காட்டும் அளவைப் பரிசோதனைப் பிழையென ஒதுக்குவதா, வளியமுக்கத்தை விளக்கும் வாயிலாகக் கொள்வதா என்பதை ஆசிரியர் பெற்ற பயிற்சியே தீர்மானிக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் 'நொதித்தல்' என வழங்கப்படுவது உண்மையில் நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமே. வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் அதே வகை வினைதான். இதைக் காட்ட ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பெற்றோரின் உழைப்பிலுள்ள அறிவைப் பிள்ளையின் விஞ்ஞானமாக்கும் ஆசிரியரே வேண்டும்.

2007இல் அறிமுகமான தேர்ச்சிமையப் பாடத்திட்டம் ஈடுபடுதல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடுதல் என்னும் ஐந்து படிகளை வகுத்தது. அதன் நோக்கம் சிறந்ததே. ஆனால் ஆராய்வதற்கு உபகரணமும், ஆசிரியருக்கு ஓய்வான மனமும் வேண்டும். 2014-15 காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா மட்டுமே. அரைவயிற்றுக்கும் போதாத ஊதியத்தில் ஒருவரை அமர்த்திவிட்டுப் புதிய கற்பித்தல் முறைகளை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எனவே, இரண்டு நாட் கருத்தரங்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு பயிற்சியை அளவிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. நிரந்தர நியமனம், தமிழில் தரமான வழிகாட்டி நூல்கள், அயற்பாடசாலை ஆசிரியர்கள் தொடர்ந்து கூடிப் பயிலும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இணைந்தாலன்றி அது வேரூன்றாது. ஆராய்ச்சி நிலையம் தோன்றி நூறாண்டு கடந்துவிட்டது. அதன் கதவுகள் லயத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் திறக்கும் நாளே மலையகம் விஞ்ஞானத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் நாளாகும்.