ஆர்ச்சி அகமதின் தேநீர்

'ஆர்க்கிமிடீஸ் தேற்றம்' என்று ஆசிரியர் சொல்ல, மாணவன் ஒருவன் காதில் விழுந்தபடி 'ஆர்ச்சி அகமதின் அந்தப்புரத் தேநீர்' என்று பலகையில் எழுதுகிறான். பிரெஞ்சில் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலி. அந்தப் பிழையையே 1983-ல் தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார் மெஹ்தி ஷரேஃப். அல்ஜீரியாவில் பிறந்து, பாரிசை ஒட்டிய நான்டேர் குடிசைப்பகுதியில் வளர்ந்த ஆலைத் தொழிலாளி அவர்.

கதை நடப்பது அரசுக் குடியிருப்பில். அல்ஜீரியக் குடும்பத்து மஜீத், வெள்ளைக்காரப் பையன் பாட் இருவரும் உயிர் நண்பர்கள். வறுமை ஒன்றுதான், சந்தேகம் ஒன்றல்ல. 1985-ல் ஷரேஃபே எடுத்த படத்தில் பணப்பை தொலைத்தவர் பிடிப்பது மஜீதை, பை பாட்டிடம்!

நாவல் வந்த அதே ஆண்டு, லியோனை அடுத்த மாங்கெத் குடியிருப்பில் போலீஸ் சுட்டதில் தூமி ஜைஜா என்ற இளைஞர் காயமடைந்தார். அவரும் தோழர்களும் மார்செய்யிலிருந்து சமத்துவம் கேட்டு நடந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாரிசில் அவர்களோடு நடந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர்.