புறூகலின் அறுவடை

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் நிலக்காட்சி வரைவதில் பேர் பெற்றிருந்தனர். அன்ற்வேப் நகரில் வாழ்ந்து 1524ஆம் ஆண்டில் மறைந்த யோவாக்கிம் பட்டினிர் அவர்களுள் முதல்வர். நெடிய ஆறும், நீலம் படர்ந்த தொலைவெளியும் அவர் கைவண்ணத்தில் விரிந்தன. ஆயினும் அவ்வெளியின் ஒரு மூலையிலாவது புனிதர் ஒருவர் நின்றே ஆகவேண்டும். வேதக் கதையே நிலத்தை வரைவதற்குரிய அனுமதிச் சீட்டாக இருந்தது. உழவனுக்கோ செல்வரின் செபநூல்களிலே, மாதக் குறிப்பை அணிசெய்யும் கையகலச் சித்திரத்திலே தான் இடம்.

அந்த உழவனைச் சுவரளவு பெரிய பலகைக்கு ஏற்றியவர் பீற்றர் புறூகல். 1565ஆம் ஆண்டில், அன்ற்வேப் வணிகர் நிக்கலஸ் யொங்கெலிங்கின் இல்லத்திற்காக, ஆண்டின் பருவங்களைக் காட்டும் ஓவிய வரிசை ஒன்றை அவர் தீட்டினார். அவற்றுள் ஐந்தே இன்று எஞ்சியுள்ளன.

அறுவடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆளுயரம் வளர்ந்த கோதுமை பொன்மதில் போல் நிற்கிறது. நீண்ட பிடியுடைய அரிவாள்களால் ஆடவர் அதனை வீழ்த்துகின்றனர். பெண்கள் கதிர்களைக் கட்டாகக் கட்டுகின்றனர். கதிர்களூடே வெட்டிய ஒற்றையடிப் பாதையில் ஒருவன் குடங்களைச் சுமந்து வருகிறான். மரநிழலிலே சிலர் வட்டமாய் அமர்ந்து உண்கின்றனர். அவர்களருகே ஒருவன் கால்களை அகல விரித்து, வாய் பிளந்து உறங்குகிறான். அருவி வெட்டி ஓய்ந்த உடலை அறிந்தவர் எவரும் அவ்வுறக்கத்தைச் சோம்பல் என்று சொல்லார். தொலைவிலே கடலும் கப்பல்களும் தெரிகின்றன. புனிதர் எவரும் இல்லை. வேலையும் பசியும் களைப்புமே கதை.

பனிக்கால ஓவியத்திலோ வேட்டையாடித் திரும்பும் மூவருக்குங் கிடைத்தது ஒரேயொரு நரி. நாய்கள் தலை குனிந்து பின்தொடர்கின்றன. அங்கே எழும் கூரிய மலைகள் பிளாண்டர்ஸில் இல்லாதவை. இத்தாலிப் பயணத்தில் ஓவியர் கண்ட அல்ப்ஸ் மலையின் நினைவுகள் அவை.

இவற்றைக் கண்ட பிற்காலத்தவர் அவரை ‘உழவர் புறூகல்’ என்றழைத்து, படிப்பறியாத நாட்டுப்புறத்தான் என்றும் கருதினர். அது தவறு. அவர் நகரவாசி, புகழ்பெற்ற நிலப்பட அறிஞர் ஒட்டேலியசின் நண்பர். நண்பர் ஒருவருடன் உழவர் உடை தரித்துக் கிராமத் திருமணங்களுக்குச் சென்று அம் மக்களைக் கவனித்தாரென, 1604ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வான் மாண்டர் கூறுகிறார். அது மெய்யாயின், அவர் பார்த்தது அயலான் கண்ணாலேயே. எனினும் அக்கண்ணில் ஏளனம் இல்லை என்றே இவ்வரிசை எண்ணச் செய்கிறது.

கோதுமை இவ்வாறு பலகையில் விளைந்து நின்ற காலத்தில், மெய்யான தானியம் அருகியது. 1565ஆம் ஆண்டின் முடிவை ஒட்டி அந்நாட்டு நகரங்களில் தானிய விலை கடுமையாக ஏறிற்று. அடுத்த ஆண்டைப் பிற்கால வரலாற்றாசிரியர் ‘பஞ்ச ஆண்டு’ என்றும் அழைத்தனர். 1566 ஓகஸ்டில் தேவாலயச் சிலைகள் உடைக்கப்பட்டன. 1567இல் அல்பாக் கோமகன் ஸ்பானியப் படையுடன் பிறசல்ஸ் நகரை அடைந்தான். இரண்டாண்டுகளில் புறூகலும் மறைந்தார்.

ஓவியங்களும் வணிகரிடம் நெடுநாள் அமைதியாக இருக்கவில்லை. 1566 பெப்ரவரியிலேயே, வேறொருவர் பட்ட 16,000 கில்டர் கடனுக்காக, யொங்கெலிங் தம்மிடமிருந்த புறூகல் ஓவியங்கள் பதினாறையும் அன்ற்வேப் நகரத்திற்கு ஈடாக வைத்தார். பருவ வரிசையும் அவற்றுள் அடங்கும். இன்று அவ்வரிசையின் மூன்று ஓவியங்கள் வியன்னாவிலும் ஒன்று பிராகாவிலும் உள்ளன. உறங்கும் உழவனைக் கொண்ட அறுவடை ஓவியத்தை 1919ஆம் ஆண்டில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை வாங்கிக்கொண்டது.