விரல்கள் கண்ட ஒளி

நரம்பின் உறை சிதைந்து கையும் காலும் கண்ணும் தளரும் நோயை 1868ஆம் ஆண்டிலே பாரிசு மருத்துவர் சார்க்கோ விரிவாக விளக்கினார். அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. அந்நோயாளர் சிலர் தூரிகையைத் துணைக்கொள்கின்றனர். நோய் தீராதபோது ஓவியம் எதனைத் தரும்? வேறொரு குறையோடு வாழ்ந்த வங்க ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் (1904–1980) வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

பிறவியிலேயே அவருக்கு ஒரு கண் பார்வையற்றது. மறு கண்ணும் மங்கல். அந்நிலையிலேயே 1947இல் சாந்திநிகேதனத்து இந்தி பவனச் சுவர்களிலே இடைக்கால ஞானியரைத் தீட்டி முடித்தார். நெசவாளரான கபீரும் பிறரும் அங்கே பாமர மக்களிடையே நடமாடுகின்றனர். பின்னாளில் சத்திரசிகிச்சையை அடுத்து எஞ்சிய பார்வையும் மறைந்தது. அவர் ஓயவில்லை. தாளை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் உருவங்கள் சமைத்தார். 1972இல் கலாபவனச் சுவரிலே ஓடுகளால் பெருஞ்சித்திரம் அமைத்தார்.

எமது புளியங்கூடலிலே பனையோலை பின்னும் முதிய விரல்களும் கண்ணின் ஏவலுக்குக் காத்திருப்பதில்லை. பயின்ற தொழில் விரல்களிலே தங்கிவிடுகின்றது.

ஆயினும் தனிமனிதரின் மனத்திட்பத்தை மட்டும் புகழ்ந்து நாம் அமைந்துவிடலாகாது. பார்வை போன பின்னரும் சாந்திநிகேதனம் அவரை ஆசிரியராக ஏற்றது. நோயாளரைத் திண்ணை மூலையில் இருத்தி இரங்குதல் எளிது. அவருக்குத் தொழிலும் இடமும் அளித்தலே சமுதாயத்தின் கடன்.