பாறை நிழலைத் தேடி வந்தவர்கள்

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசல் மண்ணும் வேலிக்கருவையும்தான். பெரணின்னா ஊட்டி ஈரத்துல வளர்ற செடின்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

ஆனா, வறண்ட நாட்டுக்குன்னே ஒரு பெரணி இருக்கு. பேரு மயில்சிகை. தாவரவியல்ல ஆக்டினியாப்டெரிஸ் ரேடியாட்டா. ஒரு சாண் உயரம்தான். இலை குட்டிப் பனையோலை விசிறி மாதிரி இருக்கும். கோடையில சுருண்டு, செத்த மாதிரி கிடக்கும். மழை பெஞ்சதும் விரிஞ்சு பச்சையாகிடும். ஆப்பிரிக்கா, அரேபியாவிலும் இது உண்டு.

ராணுவ அதிகாரியா மதராஸ் வந்து வனத்துறைக்குப் போனவர் ரிச்சர்ட் பெடோம். தென்னிந்தியப் பெரணிகளைப் படம் வரைஞ்சு 1863-லிருந்து புத்தகமா வெளியிட்டார். மலைக்காட்டுப் பெரணிகளோட இந்தச் சின்னச் செடியையும் அவர் விடல.

பெரணிக்குப் பூ, விதை கிடையாது. தூசி மாதிரி வித்துகள்தான். அது முளைக்கணும்னா கொஞ்ச நாளாவது ஈரம் நிக்கணும். வெட்டவெளிக் கரிசல்ல அதுக்கு வழியில்ல; பாறை இடுக்கும் நிழலும் வேணும். அதனாலதான் எங்க சமவெளியில இதைப் பார்க்கிறது அரிது. மதுரைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளுக்குத்தான் போகணும்.

அந்த நிழலைத் தேடினது பெரணி மட்டும் இல்ல. அருப்புக்கோட்டை வட்டாரத்துல இருக்கிற குரண்டியில, திருக்காட்டாம்பள்ளின்னு ஒரு சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்த துறவிகளோட பேர் மதுரை சமணர் மலைக் கல்வெட்டுகள்ல இருக்கு. அவங்களுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே, மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக் குகையில துறவிகள் தங்கியிருக்காங்க. மழைத்தண்ணி உள்ளே வழியாம இருக்க, பாறை நெத்தியில காடி வெட்டியிருக்காங்க. தமிழி எழுத்தும் அங்க இருக்கு.

அரிட்டாபட்டி, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டது. 2024-ல அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. கிராம மக்கள் போராடினாங்க. 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து செஞ்சது.

காப்பாத்தினது கல்வெட்டை மட்டும்னு நினைக்காதீங்க. குன்றை வெட்டினா அந்த நிழலும் போயிடும். காய்ஞ்சுபோன மயில்சிகையை ஒரு மழை எழுப்பிடும். ஆனா பாறையே இல்லைன்னா, எந்த மழை பெஞ்சும் பிரயோஜனம் இல்ல.

அடுத்த தடவை குன்று ஏறினா, கல்வெட்டைப் பார்த்துட்டு அப்படியே பக்கத்து இடுக்கையும் பாருங்க. பறிக்க வேண்டாம், போட்டோ போதும்.