இரண்டரை மணிக் குறிப்பு: இரவுச் சாலையில் ‘காணாமல்போன நேரம்’ உருவான விதம்

நியூயார்க் ஓவியர் பட் ஹாப்கின்ஸின் ‘மிஸ்ஸிங் டைம்’ 1981இல் வெளியானது. இரவில் கார் ஓட்டி வந்தவர் வீடு சேர்ந்தபோது கடிகாரம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டி, அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல அவரால் முடியாவிட்டால், அது நினைவிலிருந்து மறைக்கப்பட்ட வேற்றுலகக் கடத்தலின் அடையாளம் என்பது அவர் வாசிப்பு. அவரை மறுத்தவர்களும்கூட ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள்: நேரம் முதலில் தொலைந்தது, விளக்கம் பின்னால் வந்தது. இந்த வரிசையையே நான் ஐயுறுகிறேன்.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூலமாகச் சொல்லப்படும் பார்னி, பெட்டி ஹில் தம்பதியின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1961 செப்டம்பர் 19 இரவு பத்து மணிக்குப் பிறகு நியூ ஹாம்ப்ஷயரின் கோல்புரூக்கை விட்டுக் கிளம்பியவர்கள் போர்ட்ஸ்மத் வீட்டை அடைந்தது விடிகாலை ஐந்து மணி வாக்கில். பெட்டி செப்டம்பர் 26இல் பறக்கும் தட்டு ஆய்வாளர் டொனால்ட் கீஹோவுக்கு எழுதிய கடிதத்தில் வானில் கண்ட பொருள் இருக்கிறது. கணவருக்கு ஒரு பகுதி நினைவில் இல்லை என்ற கவலை இருக்கிறது. ஹிப்னாடிசம் தெரிந்த மனநல மருத்துவரை நாடலாமா என்ற யோசனைகூட இருக்கிறது. தொலைந்த மணிக்கணக்கு மட்டும் இல்லை. அது பேச்சுக்கு வந்தது நவம்பர் 25இல். விசாரிக்க வந்த இருவர், வீடு சேர ஏன் இவ்வளவு நேரமானது என்று கேட்டார்கள். நினைவில் விழுந்த ஓட்டை ஒன்று, கடிகாரத்தில் விழுந்த ஓட்டை வேறொன்று. முதலாவது செப்டம்பரிலேயே உண்டு. இரண்டாவதைத் தந்தது ஒரு கேள்வி.

ஹாப்கின்ஸ் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்பதே என் முதன்மையான மறுப்பு. அவர் நூலில் ஸ்டீவன் கில்பர்ன் என்ற புனைபெயரில் வரும் இளைஞரைப் பார்க்கலாம். மேரிலாந்தில் இரவில் தனியே ஓட்டிவந்த ஒரு சாலைத் துண்டைப் பற்றிய இனம்புரியாத அச்சமே அவரிடம் இருந்தது. பறக்கும் தட்டைக் கண்ட நினைவு கிடையாது. கடத்தல் கதை ஹிப்னாடிசத்தில்தான் வெளிப்பட்டது. இதைக் கொண்டு ஹாப்கின்ஸ், நினைவே இல்லாதவரும் கடத்தப்பட்டிருக்கலாம் என்று முடிவுகட்டினார். அப்படியானால் நினைவிருந்தாலும் சான்று, இல்லாவிட்டாலும் சான்று. எந்தப் பக்கம் விழுந்தாலும் தலையே விழும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஹில் தம்பதியை ஹிப்னாடிச நிலையில் விசாரித்த பாஸ்டன் மருத்துவர் பெஞ்சமின் சைமன், கடத்தல் பகுதி பெட்டியின் கனவுகளிலிருந்து முளைத்தது என்றே கருதினார். அந்த எச்சரிக்கைக்கு ஹாப்கின்ஸ் உரிய எடை தரவில்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான வழக்கும் ஒன்று உண்டு. 1967 டிசம்பர் 3 அதிகாலை, நெப்ராஸ்காவின் ஆஷ்லாந்தில் தனியே ரோந்து சென்ற 22 வயதுக் காவலர் ஹெர்பர்ட் ஷிர்மர், 6ஆம், 63ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் பறக்கும் தட்டைக் கண்டதாகவும், நம்பினால் நம்புங்கள் என்றும் பதிவேட்டில் எழுதினார். குறிப்பில் உள்ள நேரம் 2.30. நிலையத்துக்குத் திரும்பியபோது மணி மூன்று. தட்டைப் பார்த்தது பத்து நிமிடம்தான் என்று அவருக்குத் தோன்றியது. மிச்சம் இருபது நிமிடம்.

இங்கே கேள்வி கேட்டு நேரத்தைத் தொலைக்க வைத்தவர் யாருமில்லையே எனலாம். ஆனால் அந்த ஒற்றை வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் இருப்பது ஒரே ஒரு நேரம், அதுவும் முழு அரைமணி. கண்ட நேரம், எழுதிய நேரம் என்று இரண்டு இல்லை. நிலையத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் 2.30 என்பது கடிகாரத்தில் பார்த்ததல்ல, மனத்தில் மதிப்பிட்டது. மூன்று மணி பார்த்தது. மதிப்பீட்டைப் பார்வையிலிருந்து கழித்தால் வரும் விடைக்கு நிமிடத் துல்லியம் எங்கிருந்து வரும்? இந்த இடத்தில் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரில் இருந்தபடியே மணி பார்த்திருந்தால் என் வாதம் தளரும். ஆனால் ஜான் ஃபுல்லர் ஹில் தம்பதியைப் பற்றி எழுதிய நூலின் பகுதிகள் 1966 அக்டோபரிலேயே ‘லுக்’ இதழில் வந்துவிட்டன. நேரத்தைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குள் பரவியிருக்க இடமுண்டு. பறக்கும் தட்டுச் செய்திகளை ஆராய்ந்த காண்டன் குழு 1968 பிப்ரவரியில் ஷிர்மரை விசாரித்து, அவர் கண்டது உண்மையில் நிகழ்ந்தது என்று நம்ப மறுத்தது.

இதையெல்லாம் ‘நெடுஞ்சாலை மயக்கம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. 1963இல் உளவியலாளர் கிரிஃபித் வில்லியம்ஸ் கருதுகோளாக முன்வைத்த அந்த மயக்கத்தில் ஓட்டுநர் வழியை மறக்கலாம்; வண்டி நிற்பதில்லை, வேகமும் குறைய வேண்டியதில்லை. அவர் உரிய நேரத்துக்கே வீடு சேர்வார். தாமதத்துக்கு அது காரணமாகாது. ஹில் தம்பதியோ வழியில் பலமுறை நிறுத்தி, இறங்கி, பைனாகுலரில் வானத்தைப் பார்த்தவர்கள்.

இன்னொரு மாற்றமும் கவனத்துக்குரியது. 1961இல் காரில் இருவர் இருந்தனர். ஒருவருக்கு மற்றவர் சாட்சி. தனியாள் கதைகளில் அந்த இடத்தைக் கடிகாரம் பிடித்துக்கொள்கிறது. 1980 நவம்பர் 28 விடிகாலை இங்கிலாந்தின் டாட்மார்டனில் ரோந்துக் காரில் தனியே இருந்தபோது பறக்கும் தட்டைக் கண்டதாகச் சொன்ன ஆலன் காட்ஃபிரேயும் காவலர்தான். நிமிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய வேலை அது. அவர் இழந்ததாகச் சொல்லப்படும் நேரமோ ஒரு நூலில் கால் மணி, இன்னொன்றில் அரை மணி.