மொட்டை மாடி ஏலமும் வருண் சக்கரவர்த்தியும்

ஐபிஎல் ஏலம் வந்தா, அம்பத்தூர்ல எங்க மொட்டை மாடியிலயும் ஒரு ஏலம் நடக்கும். லேப்டாப்ல ஷீட், ஆளுக்கொரு டீம்.

2018 டிசம்பர்ல, டிஎன்பிஎல்ல கலக்கின வருண் சக்கரவர்த்தியை அடிப்படை விலை 20 லட்சத்துக்கே முடிச்சோம். நிஜ ஏலத்துல பஞ்சாப் கொடுத்தது 8.4 கோடி! சிரிச்சுக்கிட்டோம். ஆனா 2019 சீசன்ல அவர் ஆடினது ஒரே மேட்ச், விரல்ல காயம். பஞ்சாப் விட்டுருச்சு. அடுத்த ஏலத்துல கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துச்சு. 2024ல கோப்பையே ஜெயிச்சார்.

இந்தக் கணிப்பு எப்பவுமே இப்படித்தான். அமெரிக்காவுல 1936ல நடந்த முதல் என்எஃப்எல் டிராஃப்ட்ல முதல் ஆளா தேர்வான கல்லூரி வீரர் ஜே பெர்வேங்கர், அந்த லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடலை.

நம்ம கணக்கு தப்பினா ஷீட்ல ஒரு கட்டம் மாறும். டிவி முன்னாடி காத்திருக்கிற பையனுக்கு வாழ்க்கையே மாறும். விலை போடும்போது அவனையும் கொஞ்சம் நினைச்சுக்குவோம்.